கட்டிய பல்செட் டப்பாவில் தூங்குகிறதா?

கல்யாணப் பந்தியில் உங்களுக்கு எதிர் வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இலையில் வடை, அப்பளம், பொரியல் எல்லாம் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும். ஒரு பெரியவர் முகத்தைச் சற்றே திருப்பி, வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் இலையில் கையே வைப்பார். சாப்பிடுவதற்காகக் கட்டிய பல்செட், சாப்பிடுகிற நேரத்தில் பாக்கெட்டில்! போட்டோ எடுக்கிறவர் வந்தால் மட்டும் மறுபடி வாய்க்குள் ஏறும்.

கேட்டால், "வயசாயிடுச்சு, இனிமே பழகவா போறேன்... விடுப்பா" என்பார். வீட்டில் இருப்பவர்களோ, "அவ்வளவு செலவு பண்ணிக் கட்டினோம், போடவே மாட்டேங்கிறார், பிடிவாதம்" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். பல நேரங்களில் குறை இருப்பது வயதிலும் அல்ல, பிடிவாதத்திலும் அல்ல. அந்தப் பல்செட்டை வடிவமைத்த விதத்தில்! ஓரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டிருக்கும். உயரம் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கும். வாய்க்குள் ஒரு தலைமுடி கிடந்தாலே நாக்கு அதைத் தேடிக்கொண்டு அலைகிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் சும்மாவா?

இதில் நல்ல சேதி என்னவென்றால், இந்தக் குறைகளில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. அதற்கு, எது எதனால் வருகிறது என்று போட்டுக்கொள்பவருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். "வலிக்குது டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதற்கும், "சாப்பிட்டா வலிக்கலை, சாயங்காலம் தாடை ஓய்ஞ்சு போகுது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எச்சில்தான் பசை

பல்லே இல்லாத வாயில் முழு பல்செட் எப்படி நிற்கிறது? ஆணியும் இல்லை, திருகும் இல்லை. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகள் இரண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே... அதே வித்தைதான். ஈறுக்கும் பல்செட்டுக்கும் நடுவே மெல்லிய ஏடாக எச்சில். சுற்றிலும் ஓரங்கள் உதட்டுக்குள்ளும் கன்னத்துக்குள்ளும் கச்சிதமாகப் பொருந்தி, காற்று நுழையாமல் அடைத்துக்கொள்ள வேண்டும். எங்கேயாவது ஓரிடத்தில் காற்று புகுந்தால் பிடிப்பு போச்சு! ரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் வாயை உலர்த்திவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வாய் வறளும். நேற்று வரை சரியாக நின்ற பல்செட் இன்று ஆடுகிறதே என்றால், புதிதாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேல்செட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மேல் அண்ணம் முழுவதும் அகலமாகப் படர்ந்து உட்கார இடம் இருக்கிறது. கீழ்செட்டின் கதை பாவம்! நடுவில் நாக்கு இருப்பதால் லாடம் மாதிரி வளைந்து நிற்க வேண்டும். உட்காரக் கிடைக்கும் இடம் மேல்செட்டுக்குக் கிடைப்பதில் கிட்டத்தட்ட பாதிதான். போதாக்குறைக்கு ஓயாமல் இடிக்கிற நாக்கு ஒரு பக்கம், கன்னமும் உதடும் மறுபக்கம். "மேல் செட்டு தேவலை, கீழ் செட்டுதான் ஆடுது" என்று பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் புலம்புவது இதனால்தான். இதில் டாக்டரின் திறமை எங்கே தெரியும் என்றால், நாக்கு வெளியே தள்ளுவதும் கன்னம் உள்ளே தள்ளுவதும் சமமாகும் இடம் ஒன்று உண்டு, அங்கே பற்களை அடுக்குவதில். பற்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கிவிட்டால் நாக்குக்கு இடமில்லாமல், பேசும்போதெல்லாம் செட்டைத் தூக்கிவிடும்.

இந்த எச்சில் சூட்சுமம் பிடிபடாத காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். மரத்தால் செய்த பல்செட் போட்டிருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது, அது கதைதான். நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள் இவற்றால் செய்து, மேல்செட்டையும் கீழ்செட்டையும் ஸ்பிரிங் போட்டு இணைத்திருந்தார்கள். வாயை மூடி வைத்திருக்கவே அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்! ஜனாதிபதியாக இருந்தால் என்ன, பல்செட் கடித்தால் கடித்ததுதான்.

எங்கே வலிக்கிறது, ஏன் வலிக்கிறது?

செட் போட்ட இரண்டு மூன்று நாளில் ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்று குத்தி, அந்த இடத்தில் வெள்ளையாகப் புண் வந்தால், பெரும்பாலும் ஓரம் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல் உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உதட்டையும் ஈறையும் இணைக்கிற மெல்லிய தசை நூல் ஒன்று நடுவில் தெரியும். கன்னத்துப் பக்கமும் நாக்கின் அடியிலும்கூட இப்படி உண்டு. அந்த இடங்களில் பல்செட்டில் சின்னதாக வெட்டு விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் சிரிக்கும்போது குத்தும், இல்லாவிட்டால் சிரிக்கும்போது செட் கழன்று விழும். பத்து நிமிட வேலையில் டாக்டர் தேய்த்துச் சரிசெய்துவிடுவார். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: புண்ணுக்குப் பயந்து செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புண் ஆறியபின் டாக்டரிடம் போனால், அவருக்கு எந்த இடத்தைத் தேய்ப்பது என்றே தெரியாது. கழற்றி வைத்திருந்தாலும் பரவாயில்லை, போவதற்கு முந்தின நாளாவது போட்டுக்கொண்டு போங்கள்.

குமட்டல் வேறு விஷயம். "ஆ..." என்று சொன்னால் அண்ணத்தின் பின்பகுதியில் ஆடுகிற மெத்தென்ற சதை ஆரம்பிக்கிற கோடு ஒன்று தெரியும். மேல்செட்டின் பின் ஓரம் ஏறக்குறைய அந்தக் கோட்டில் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் ஓக்காளம் வரும். பயந்து ரொம்பக் குறைத்து வெட்டினால் காற்று புகுந்து செட் இறங்கும். இறங்கிய செட் நாக்கில் தட்டுவதாலும் குமட்டும். ஆகவே குமட்டுகிறது என்றவுடன், "பின்னாடி வெட்டிடுங்க டாக்டர்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட அதிகம் பேர் அவதிப்படுவதும், பலருக்குத் தெரியாமலே போவதும் உயரக் கோளாறுதான். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களே இந்த நிமிடம் கவனியுங்கள். உதடு மூடியிருக்கிறது, ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை, இல்லையா? தாடை ஓய்வாக இருக்கும்போது நடுவே சுமார் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மென்று முடித்த தசைகள் இளைப்பாறுகிற இடைவெளி அது. பல்செட்டின் உயரம் கூடிவிட்டால் அந்த இளைப்பாறுதல் பறிபோகிறது. பேசும்போது பல்லோடு பல் 'டக் டக்' என்று தட்டும். உதட்டை மூட முயற்சி செய்ய வேண்டியிருக்கும். குறிப்பிட்ட இடம் என்றில்லாமல் ஈறு முழுக்க எரியும். சாயங்காலம் ஆனால், 'எப்படா இதைக் கழற்றுவோம்' என்று தோன்றும்.

உயரம் குறைந்தாலோ மூக்குக்கும் முகவாய்க்கும் தூரம் குறைந்து, வாய் உள்ளே போய், பத்து வயது கூடின மாதிரி தெரியும். வாயின் இரண்டு ஓரங்களிலும் மடிப்பு விழுந்து எச்சில் ஊறி வெடிப்பு வரும். வீட்டில் என்ன செய்வார்கள்? பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். சத்துக் குறைவாலும் இந்த வெடிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் ஆறாவிட்டால், பல்செட்டைக் காட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே செட்டைப் போடுகிறவர்களுக்குப் பற்கள் தேய்ந்து தேய்ந்தே உயரம் குறைந்திருக்கும்.

மெழுகில் பார்க்கிற நாள்

பல்செட் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தாலும் தப்பில்லை.

பொதுவாக முழு பல்செட்டுக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். முதலில் வாய் அளவு. பிறகு உங்கள் வாய்க்கென்றே தட்டு செய்து, ஓரங்களைத் துல்லியமாகப் பிடிக்கும் இரண்டாவது அளவு. அடுத்தது கடிக்கும் உயரம். அதற்கடுத்து மெழுகில் பற்களை அடுக்கி உங்கள் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அதுதான் முக்கியமான நாள்! மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் முன்னே, பின்னே, மேலே, கீழே நகர்த்தலாம். அக்ரிலிக்காக வெந்து கெட்டியானபின் தேய்க்கத்தான் முடியும், நகர்த்த முடியாது. ஆனால் நம்மில் பலர் அன்றைக்குத்தான், "எல்லாம் நல்லாயிருக்கு டாக்டர், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று எழுந்துவிடுகிறோம்.

அன்று தனியாகப் போகாதீர்கள். உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கிற மனைவியையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். பல் தெரியச் சிரிக்கிற பழைய போட்டோ ஒன்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் சொந்தப் பல் எவ்வளவு அகலம், எப்படி வரிசை என்று டாக்டருக்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது. முத்துக் கோத்தமாதிரி வெள்ளை வெளேரென்ற பல்லை அறுபத்தைந்து வயதில் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. தூரத்திலேயே பல்செட் என்று காட்டிக்கொடுத்துவிடும்! கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறமும் லேசான வரிசை பிசகும்தான் இயற்கையாக இருக்கும்.

அடுத்து, பேசிப் பாருங்கள். அன்றைய பேப்பரை எடுத்து ஒரு பத்தி சத்தமாகப் படியுங்கள். நம் தமிழே நல்ல பரீட்சைதான். 'வ' சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டை லேசாகத் தொட வேண்டும். தொட வராவிட்டால் பல் குட்டை அல்லது இடம் தப்பு. 'த', 'ந' சொல்ல நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தேடிப் போகும். பல் அதிகம் முன்னால் இருந்தால் நாக்குக்கு எட்டாது. 'ட', 'ண', 'ழ' மூன்றுக்கும் நாக்கு மேலே வளைகிறது. அண்ணத்தில் தகடு தடிமனாக இருந்தால் 'வாழைப்பழம்' கொழகொழத்துவிடும். 'ப', 'ம' சொல்ல உதடு சிரமமில்லாமல் கூட வேண்டும். கூடவில்லை என்றால் உயரம் அதிகமோ என்று சந்தேகப்படலாம். 'ஸ' சொல்லும்போது பற்கள் மிக நெருங்கி வரும், ஆனால் மோதக் கூடாது. மெழுகு வாயில் புதிது என்பதால் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். ஐந்து நிமிஷம் பேசியபின் எது சிக்குகிறது என்று பாருங்கள். டீச்சர், வக்கீல், பாட்டுப் பாடுகிறவர், தினமும் சத்தமாகப் பாராயணம் செய்கிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். (மெழுகைப் போட்டுக்கொண்டு அழுத்திக் கடிக்க மட்டும் வேண்டாம், பல் பெயர்ந்துவிடும்.)

இரண்டாவது அல்லது மூன்றாவது செட் கட்டுகிறவர்கள் பழைய செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது தேய்ந்து தளர்ந்து போயிருந்தாலும், அதன் வடிவத்துக்கு உங்கள் நாக்கும் கன்னமும் பழகியிருக்கின்றன. வயது ஏற ஏறப் புதிய வடிவத்துக்குப் பழகுவது கடினம். பழைய செட்டையே அச்செடுத்து, தேய்ந்ததை மட்டும் திருத்திப் புதிதாகச் செய்கிற முறை இருக்கிறது. எண்பது வயதுப் பெரியவருக்கு அடியோடு மாற்றி 'அழகான' புது டிசைன் செய்து வைப்பதை விட இதுவே மேல் என்பது என் கட்சி.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, மெஷினில் கடைந்தோ அச்சடித்தோ பல்செட் செய்கிறார்கள். போய்வருகிற தடவை குறைகிறது, வடிவம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருப்பதால் தொலைந்தால் மறுபடி செய்யலாம். இதிலும் போட்டுப் பார்த்துச் சொல்கிற கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

இயற்கைப் பல் மாதிரியே இருக்குமா?

இருக்காது. அப்படி யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். எவ்வளவு நன்றாகச் செய்த முழு பல்செட்டாலும் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவுதான். இட்லி, சாதம், வேகவைத்த காய் என்று ஆரம்பித்து, சின்னத் துண்டுகளாக, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மெல்லப் பழக வேண்டும். ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கும். கொய்யாவையோ கரும்பையோ முன்பல்லால் கடித்து இழுத்தால் மேல்செட்டின் பின்பக்கம் இறங்கிவிடும், நறுக்கிச் சாப்பிடுங்கள். முதல் சில வாரங்களில் எச்சில் அதிகம் ஊறுவதும், பேச்சு குழறுவதும், 'ருசியே தெரியலை' என்பதும் சகஜம். ருசி மொட்டுகளில் பெரும்பாலானவை நாக்கில்தான் இருக்கின்றன. அண்ணத்தை மூடிவிடுவதால் சூடும் மொறுமொறுப்பும் உறைக்காமல் போகிறது, அதைத்தான் ருசி போச்சு என்கிறோம்.

ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்களுக்குக் கழற்றி மாட்டும் செட் வைக்கும்போது வேறு கணக்கு. விலை குறைவு என்று முழுக்க அக்ரிலிக் தகட்டில் செய்தால், அது ஈறின் மேல் மட்டுமே உட்கார்ந்து, ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அமிழும். நாளாவட்டத்தில் பக்கத்துப் பல்லின் ஈறைக் கீழே தள்ளிவிடும். கோபால்ட் குரோமியம் உலோகத்தில் வார்த்துச் செய்யும் செட்டில், மீதமுள்ள பற்களின் மேல் சின்ன ஆசனம் போல உட்காரும் பகுதி இருக்கும். பாரத்தைப் பல் தாங்கும். தகடு மெல்லியது, காபியின் சூடுகூட அண்ணத்துக்குத் தெரியும்! நைலான் போன்ற வளையும் செட்டில் கம்பி தெரியாது, பார்க்க அழகு, கீழே விழுந்தால் எளிதில் உடையாது. ஆனால் தளர்ந்துபோனால் உட்புறம் சரிசெய்வது சிரமம். எதுவானாலும், 'ஒரே நாளில் கழற்றவே முடியாதபடி ஒட்டித் தருகிறேன்' என்று கம்பியும் மாவும் வைத்துப் பக்கத்துப் பல்லோடு கட்டிவிடுகிற போலி ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். அடியில் சேரும் அழுக்கில் நல்ல பல்லும் சேர்ந்து போய்விடும்.

பல்லைப் பிடுங்கியபின் தாடை எலும்பு வருஷா வருஷம் கரைந்துகொண்டே இருக்கும். ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர் முழு செட் போட்டவர்களை 25 வருஷம் வரை தொடர்ந்து கவனித்து 1972-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு கரைகிறது என்று அவர் கண்டார். ஆகவே இன்றைக்குக் கச்சிதமாக இருக்கும் செட் சில வருஷத்தில் தொளதொளத்துப் போவது யார் குற்றமும் அல்ல. இளைத்துப்போனவர் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொள்வது மாதிரி, உள்பக்கம் புதிதாக ஒரு பூச்சு கொடுத்து இறுக்கலாம். ரீலைனிங் என்பார்கள். பல் பிடுங்கிய அன்றே செட் போட்டுக்கொண்டவர்களுக்குச் சில மாதங்களிலேயே இது தேவைப்படும். வருஷத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும், எப்போது தேவை என்று டாக்டர் சொல்லிவிடுவார். அதைச் செய்யாமல் கடையில் பசை வாங்கி அப்பிக்கொண்டே காலம் தள்ளுவது நல்லதல்ல. துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறிப் பல வருஷம் பயன்படுத்திய சிலருக்கு நரம்புத் தளர்ச்சி வந்ததால், 2010-ல் ஒரு பெரிய கம்பெனி அந்தப் பசையைத் தயாரிப்பதையே நிறுத்தியது. கொஞ்சமாக, துத்தநாகம் இல்லாததாக, டாக்டர் சொல்படி என்றால் தப்பில்லை.

கீழ்செட் எவ்வளவு செய்தும் நிற்காதவர்களுக்கு வழி இருக்கிறது. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் பதித்து அதன்மேல் செட் மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். ரவிக்கையின் பிரஸ் பட்டன் மாதிரி 'டிக்' என்று உட்காரும். செலவு அதிகம்தான், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகைப் பழக்கம் கூடாது. உறுதியான பல் வேர் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால், அவற்றைப் பிடுங்காமல் வைத்துக்கொண்டு அதன்மேல் செட் செய்யலாமா என்றும் கேளுங்கள். வேர் இருக்கும் இடத்தில் எலும்பு கரைவது குறையும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

ஆஸ்திரேலியாவில் 1994-ல் 49 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினார்கள். வாய்க் கோளாறு ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளப்பதற்காக. அதில் வலி பற்றி மட்டுமல்ல, பாதிச் சாப்பாட்டில் எழுந்தீர்களா, நாலு பேர் முன்னால் கூச்சப்பட்டீர்களா, வீட்டாரிடம் எரிந்து விழுந்தீர்களா, வெளியே போவதைத் தவிர்த்தீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். பல்செட்டை மதிப்பிட இதை விட நல்ல வழி தெரியவில்லை. அப்பா திடீரென்று கல்யாணங்களுக்கு வருவதில்லையா? அம்மா சுண்டலையும் கீரையையும் காயையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதத்திலேயே நாளை ஓட்டுகிறாரா? பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறாரா? 'வயசானா அப்படித்தான்' என்று விடாமல், பல்செட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். நார்ச்சத்து போய் மலச்சிக்கல், உடம்பு இளைப்பு என்று டாக்டர் மாற்றி டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், பல் டாக்டரைப் பார்ப்பது நல்லது. செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தடவைகள் கூடும், நேரம் பிடிக்கும், ஆனால் படிப்படியாகச் செய்வார்கள். தனியாரிடம் போகும்போது, ப்ராஸ்தோடான்டிஸ்ட் என்று போர்டில் இருந்தால் அவர் பல்செட்டுக்கென்றே மேல்படிப்பு படித்தவர்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் வீட்டில் உப்புத்தாளால் தேய்க்கவோ, உடைந்ததைக் கடைப் பசையால் ஒட்டவோ வேண்டாம். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும், உலர விட்டாலும் வடிவம் மாறும். ராத்திரி கழற்றி, மென்மையான பிரஷ்ஷில் சோப்பு போட்டுக் கழுவி (பற்பசை சொரசொரப்பாக்கிவிடும்), குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். போட்டுக்கொண்டே தூங்கினால் ஈறில் பூஞ்சைக் காளான் வந்து சிவந்துபோகும். செட் உரசி வந்த புண், தேய்த்துச் சரிசெய்தபின்னும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று... ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றித் தலையணைப் பக்கம் வைக்காதீர்கள். குப்பையோடு போய்விடும். மூடி போட்ட டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். புதிதாகக் கட்டும்போதே, உள்பக்கம் உங்கள் பெயரைச் சின்னதாகப் பதித்துத் தரும்படி கேட்டால் லேபில் பதித்துத் தருவார்கள்.